மருத்துவக் கட்டுரையில் கைவைக்கும் முன்: புதிய விக்கிப்பீடியருக்கு ஒரு வழிகாட்டி

விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கிய கையோடு மருத்துவக் கட்டுரைகளைச் சீர்படுத்த வருகிறவர்களில் பலர் நீரிழிவு, புற்றுநோய், மாரடைப்பு போன்ற பெரிய கட்டுரைகளின் முதல் பத்திக்குத்தான் நேராகப் போகிறார்கள். அதிகம் பேர் படிக்கிற இடம் என்பதால் அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்தப் பத்தியில் இருக்கும் சொற்களில் பாதி, கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நீண்ட வாதங்களுக்குப் பிறகு வந்து உட்கார்ந்தவை. நேற்று வந்தவர் அவற்றில் ஒன்றை மாற்றினால் சற்று நேரத்தில் யாராவது மீளமைத்துவிடுவார்கள், அதாவது பழைய வடிவத்துக்கே திருப்பிவிடுவார்கள். காரணம் புரியாமல் போனவர் திரும்பி வருவதில்லை. நல்ல தொகுப்பாளர்கள் பலரை இப்படித்தான் இழக்கிறோம். ஆகவே இந்த வழிகாட்டி சின்ன இடத்திலிருந்து தொடங்குகிறது: ஒரு கட்டுரை, அதில் ஒரு வாக்கியம், அதற்கு ஒரு நல்ல மூலம்.

எல்லோரும் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் படித்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஆங்கில ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பொறுமையாகப் படிக்கத் தெரிய வேண்டும். புரியாததைப் புரிந்ததுபோல் எழுதாத கட்டுப்பாடும் வேண்டும். மருத்துவர்களுக்கு இங்கே தனிச் சலுகை கிடையாது. "முப்பது ஆண்டுகளாக இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறேன்" என்ற பேச்சுக்கு மருத்துவமனையில் மதிப்பு உண்டு. விக்கிப்பீடியா வாசகரால் அதைச் சரிபார்க்க முடியாது. சொல்லப்போனால் மருத்துவர்களுக்குச் சிரமம் கொஞ்சம் கூடுதல்: தெரிந்ததை எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, மூலத்தில் காட்ட முடிந்ததை மட்டும் எழுதப் பழக வேண்டும்.

இனி வரும் படிகள் எல்லாம் ஒரே விதியைச் சுற்றித்தான் வருகின்றன. கட்டுரையில் உள்ள வாக்கியம் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறதோ, அவ்வளவு உறுதி அதன் மூலத்திலும் இருக்க வேண்டும்.

எந்தக் கட்டுரை, எந்த வாக்கியம்?

அதிகம் அறியப்படாத நோய் ஒன்றையோ, ஏதாவது ஒரு மருந்தின் பக்கவிளைவுப் பகுதியையோ, இரண்டு பத்தியோடு நின்றுபோன குறுங்கட்டுரையையோ எடுத்துக்கொள்ளுங்கள். "சான்று தேவை" என்ற குறிப்பு இருக்கும் வாக்கியம் கிடைத்தால் நல்லது. அதைவிட நல்லது, மேற்கோள் இருந்தும் உளுத்துப்போன வாக்கியம். மேற்கோள் பட்டியலைக் கீழே இறங்கிப் பாருங்கள். செயலிழந்த இணைப்புகள், நாளிதழின் நலவாழ்வுப் பக்கம், மாத்திரை விற்கும் நிறுவனத்தின் தளம், 2004ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றை "அண்மைய ஆய்வு" என்று சொல்லும் வரி என ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும்.

வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்ததும் உடனே "தொகு" பொத்தானை அழுத்த வேண்டாம். பேச்சுப் பக்கத்தையும் வரலாற்றுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே வாக்கியத்துக்காக முன்பு யாராவது மோதிக்கொண்டிருந்தால் அங்கே தடயம் இருக்கும். மேற்கோள் விவரங்களை நிரப்பும் வார்ப்புருவெல்லாம் பிடிபடவில்லை என்றால் உங்கள் மணல்தொட்டியில், அதாவது உங்களுக்கான பயிற்சிப் பக்கத்தில், எழுதிப் பழகுங்கள். அங்கே எதைக் கெடுத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

எதை மூலம் என்று ஏற்பது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் மருத்துவ மூலங்களுக்கென்று தனி வழிகாட்டுதல் உண்டு. மெட்ஆர்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் சாரம்: நோய், மருந்து, சிகிச்சை பற்றிய கூற்றுகளுக்குத் தனி ஆய்வை மேற்கோள் காட்டாதீர்கள், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட மதிப்பாய்வைக் காட்டுங்கள். ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் முறைப்படி திரட்டி எடைபோடும் முறைசார் மதிப்பாய்வுகள், தரமான இதழ்களில் வந்த மதிப்பாய்வுக் கட்டுரைகள், உலக சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகளும் தேசிய அளவிலான மருத்துவச் சங்கங்களும் வெளியிடும் சிகிச்சை நெறிமுறைகள், அண்மைப் பதிப்பாக உள்ள மருத்துவப் பாடநூல்கள் ஆகியவை ஏற்கத்தக்கவை.

தனி ஆய்வு ஏன் கூடாது? நல்ல இதழில் வந்ததுதானே என்று கேட்பார்கள். 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் எழுதியவர்களும் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை அது. லான்செட் அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில். இடையில் ஓடிய பன்னிரண்டு ஆண்டுகளில் "லான்செட்டிலேயே வந்திருக்கிறது" என்று சொல்லி அதை மேற்கோள் காட்ட முடிந்தது. கொரோனா காலத்தில் இந்தக் கதை இன்னும் வேகமாக நடந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி அதே இதழில் 2020 மே 22 அன்று வந்த கட்டுரை, தரவுகளை யாராலும் சரிபார்க்க முடியாததால் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டு வாரத்துக்குள் அதைக் கட்டுரையில் சேர்த்த தொகுப்பாளர், பிறகு நீக்கவும் நினைவு வைத்திருந்தாரா என்பது வேறு விஷயம்.

மோசடி இல்லாத, நேர்மையாக நடத்தப்பட்ட ஆய்வும் தவறான பக்கம் கைகாட்டலாம். மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயம் காக்கப்படும் என்று, பெண்களைக் கண்காணித்து மட்டும் வந்த ஆய்வுகள் பல சுட்டிக்காட்டின. பிறகு அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையையும் மற்றொன்றுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். நன்மையைவிடத் தீமை மிஞ்சியதால் 2002 ஜூலையில் அந்த ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. தாமாக மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாகவே வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்களாக இருந்தது முந்தைய ஆய்வுகளைத் திசைதிருப்பியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு பொறி உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தவறினால் இறக்கும் ஆபத்து கூடும். சில மருந்துகள் அந்த ஒழுங்கின்மையை நன்றாக அடக்கின. ஆகவே அவை உயிரையும் காக்கும் என்று நம்பப்பட்டது. 1989இல் வெளிவந்த காஸ்ட் என்ற ஆய்வில், அத்தகைய மருந்துகளான என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டவர்களில் இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவைவிட அதிகம். இதயத்துடிப்பு வரைபடம் சீராகியிருந்தது, ஆள்தான் இறந்துபோனார். ஒரு மருந்து "கொழுப்பைக் குறைக்கிறது", "ரத்தத்தில் அந்தக் குறியீட்டை உயர்த்துகிறது" என்று மூலம் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். மாரடைப்பைத் தடுக்கிறது, ஆயுளைக் கூட்டுகிறது என்று நீட்ட உங்களுக்கு உரிமை இல்லை. எலியிலும் ஆய்வுக்கூடத் தட்டிலும் கிடைத்த முடிவுகளுக்கும் இது பொருந்தும். மூலிகைக் கட்டுரைகளில் "புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் கொண்டது" என்று நிமிர்ந்து நிற்கும் வாக்கியங்களின் மேற்கோளைத் திறந்தால், அநேகமாக உள்ளே ஒரு கண்ணாடித் தட்டும் அதில் வளர்த்த செல்களும்தான் இருக்கும்.

நாளிதழ்ச் செய்திகளை மருத்துவக் கூற்றுக்கு மூலமாகக் காட்டாதீர்கள். ஒரு நோயின் வரலாறு, அதனால் எழுந்த வழக்கு, ஒரு பிரபலம் அந்த நோய் பற்றி வெளிப்படையாகப் பேசியது ஆகியவற்றுக்கு நாளிதழ் பொருத்தமான மூலம்தான். பிற வல்லுநர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியாகும் முன்வெளியீடுகள், நிறுவனங்களின் செய்திக் குறிப்புகள், மாநாட்டுச் சுருக்கங்கள் எதுவும் வேண்டாம்.

மதிப்பாய்வு என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் ஏராளம். அவற்றிலும் "மதிப்பாய்வு" என்ற தலைப்போடு கட்டுரைகள் வருகின்றன. இதழின் பெயர் புதிதாக இருந்தால், யார் வெளியிடுகிறார்கள், தேர்ந்தெடுத்த மருத்துவ இதழ்களின் அட்டவணையான மெட்லைனில் அந்த இதழ் இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் அந்தத் துறையினர்தானா என்று பார்த்துவிடுங்கள். கட்டுரையின் கடைசியில் நிதி யாருடையது, யாருக்கு எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்று ஒரு பத்தி இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

பப்மெடில் தேடுவது

பப்மெட் என்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் கட்டணமற்ற தேடுதளம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி அதில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பப்மெடில் இருப்பதாலேயே ஒரு கட்டுரை தரமானதாகிவிடாது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது நூலக அட்டவணை. தரச் சான்றிதழ் கிடையாது. வேக்ஃபீல்டின் கட்டுரையும் அதில்தான் இருக்கிறது.

தேடல் பெட்டியில் நோயின் பெயரையும் நீங்கள் பார்க்க விரும்பும் சிகிச்சையின் பெயரையும் ஆங்கிலத்தில் இடுங்கள். பேச்சுவழக்குப் பெயரை இட்டாலும் தளம் பெரும்பாலும் அதற்குரிய துறைச் சொல்லையும் சேர்த்தே தேடும். ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்து விழும். இடப்பக்கம் இருக்கும் வடிகட்டிகளில் கட்டுரை வகை என்ற பகுதியில் முறைசார் மதிப்பாய்வையும், பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா பகுப்பாய்வையும் தேர்ந்தெடுத்து, காலத்தை ஐந்து ஆண்டுகளாகச் சுருக்குங்கள். ஆயிரம் முடிவுகள் பத்து இருபதாகக் குறையும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் சாதாரண மதிப்பாய்வையும் சேர்த்துக்கொண்டு காலத்தைப் பத்து ஆண்டாக நீட்டுங்கள்.

ஒரு கட்டுரையைத் திறந்ததும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மேலே "திரும்பப் பெறப்பட்டது" என்ற பட்டை இருக்கிறதா? கீழே வெளியீட்டு வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளின் பட்டியலில் இதைவிடப் புதிய மதிப்பாய்வு ஏதும் இருக்கிறதா? மூன்றாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நல்ல மூலங்கள் பலவற்றை நான் கண்டுபிடிப்பது அந்தப் பட்டியலில்தான்.

அடுத்து, முழுக் கட்டுரையைப் படியுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் இடுவது இங்கே பரவலாக இருக்கும் கெட்ட பழக்கம். சுருக்கத்தில் "பயனளிக்கிறது" என்று முழங்கிவிட்டு, உள்ளே எட்டாவது பக்கத்தில் "சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு" என்று அடக்கமாகச் சொல்லும் கட்டுரைகள் எத்தனையோ. முழுக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் பப்மெட் சென்ட்ரலில் முழு வடிவம் இலவசமாகக் கிடைக்கலாம். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால் விக்கிப்பீடியா நூலகம் என்ற திட்டம் உதவும். கணக்குத் தொடங்கி ஆறு மாதமும், மொத்தம் 500 தொகுப்புகளும், கடந்த 30 நாட்களில் 10 தொகுப்புகளும் இருந்தால் பல பதிப்பகங்களின் இதழ்களை அதன் வழியே படிக்கலாம். அதுவரை இலவசமாகக் கிடைப்பதை வைத்தே ஓட்டலாம். குறை ஒன்றும் வராது.

ஒரு வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்போம்

வைட்டமின் சி பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "வைட்டமின் சி ஜலதோஷத்தைத் தடுக்கும், ஜலதோஷம் பிடித்தவர்கள் இதை உட்கொண்டால் விரைவில் குணமடைவர்." மேற்கோளாக ஒரு நாளிதழின் இணைப்பு.

பப்மெடில் தேடினால் 2013இல் காக்ரேன் நூலகத்தில் வந்த மதிப்பாய்வு அகப்படும். 1993இல் தொடங்கப்பட்ட காக்ரேன், மருத்துவ ஆய்வுகளை முறைப்படி திரட்டி எடைபோடுவதையே வேலையாகக் கொண்ட அமைப்பு. மேற்சொன்ன மதிப்பாய்வு என்ன சொல்கிறது? நாள்தோறும் வைட்டமின் சி எடுத்துக்கொண்ட பொதுமக்களிடம் ஜலதோஷம் பிடிப்பது குறையவில்லை. 11,306 பேர் பங்கேற்ற 29 ஒப்பீடுகளிலிருந்து எடுத்த முடிவு இது. தொடர்ந்து எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஜலதோஷம் நீடிக்கும் காலம் பெரியவர்களில் 8 சதவீதமும் குழந்தைகளில் 14 சதவீதமும் குறைந்தது. ஜலதோஷம் தொடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளத் தொடங்கியவர்களிடம் சீரான பலன் எதுவும் தென்படவில்லை. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் என 598 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளில் மட்டும் ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது.

ஆக, பழைய வாக்கியத்தின் முதல் பாதி பொதுமக்களைப் பொறுத்தவரை மூலத்தோடு பொருந்தவில்லை. இரண்டாம் பாதி, வந்த பிறகு மாத்திரை தேடுகிறவரிடம் மூலம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

"வைட்டமின் சியை நாள்தோறும் உட்கொள்வது பொதுமக்களிடையே ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. தொடர்ந்து உட்கொள்பவர்களுக்கு ஜலதோஷம் நீடிக்கும் காலம் சற்றே குறைகிறது (பெரியவர்களில் ஏறத்தாழ 8 சதவீதம், குழந்தைகளில் 14 சதவீதம்). அறிகுறிகள் தோன்றிய பிறகு உட்கொள்ளத் தொடங்குவதால் சீரான பலன் காணப்படவில்லை. குறுகிய காலம் கடுமையான உடலுழைப்பில் ஈடுபடுவோரிடம் மட்டும் ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது."

"குறைக்காது" என்று எழுதாமல் "குறைப்பதாகத் தெரியவில்லை" என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆய்வுகளில் பலன் தென்படாததும், பலன் இல்லை என்று நிறுவப்பட்டதும் வேறு வேறு. "சற்றே" என்ற சொல்லையும் வேண்டுமென்றேதான் வைத்தேன். 8 சதவீதம் என்று மட்டும் படித்தால் சிலருக்கு அது பெரிதாகத் தோன்றும். ஏழு நாள் ஜலதோஷத்தில் அது அரை நாளை ஒட்டிய நேரம்தான். அந்த அரை நாள் கணக்கைக் கட்டுரையிலேயே எழுதலாமா? ஏழு நாள் என்பதற்கும் ஒரு மூலம் இருந்தால் எழுதலாம். சாதாரணக் கூட்டல் கழித்தலை விக்கிப்பீடியா தடை செய்வதில்லை. இல்லையென்றால் விட்டுவிடுவது மேல். மாரத்தான் ஓட்டக்காரர்களைப் பற்றிய வரியை விட்டுவிட்டால் கட்டுரை இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தோன்றலாம். மூலத்தில் நமக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுப்பது அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஐயம் வரும்: 2013ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஐந்தாண்டு வரம்பைத் தாண்டியதாயிற்றே? அந்த வரம்பு, வேகமாக நகரும் துறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட பொது அளவுகோல். அதே கேள்விக்கு அதே தரத்தில் புதிய மதிப்பாய்வு கிடைத்தால் அதற்கு மாறுங்கள். கிடைக்காவிட்டால் பழைய நல்ல மூலத்தைத் தூக்கிவிட்டுப் புதிய மட்டமான மூலத்தை வைப்பதில் லாபம் இல்லை.

மேற்கோள் இடுவது ஒரு நிமிட வேலை. காட்சித் தொகுப்பானில் மேற்கோள் பொத்தானை அழுத்தி, கட்டுரையின் டிஓஐ எண்ணையோ (ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்) பப்மெட் எண்ணையோ ஒட்டினால் ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் தானாக நிரம்பும். நிரம்பியதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேற்கோள் எந்த வாக்கியத்துக்கு உரியதோ அதை ஒட்டியே இருக்கட்டும். பத்தியின் கடைசியில் ஐந்து மேற்கோள்களை வரிசையாகக் குவித்தால், எது எதற்கு என்று அடுத்து வருபவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

எண்களில் எச்சரிக்கை

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு வரும் ஆபத்தை இரு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. பெண்கள் பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். தொடர்ந்து கருக்கலைப்புகள் கூடின. இரு மடங்கு என்பது உண்மையில் 7,000 பேரில் ஒருவர் என்ற நிலை 7,000 பேரில் இருவர் என்று ஆனதுதான். "இரு மடங்கு" என்பதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அதை மட்டும் படித்தவருக்குக் கிடைத்த சித்திரம் தப்பு. ஆகவே "30 சதவீதம் குறைக்கிறது", "மூன்று மடங்கு கூட்டுகிறது" என்று எழுதும்போதெல்லாம் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதை மூலத்தில் தேடி எடுத்து அருகில் வையுங்கள்.

அலகுகளையும் இரண்டு முறை பாருங்கள். மைக்ரோகிராம் மில்லிகிராமாக மாறினால் ஆயிரம் மடங்கு பிழை. ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் மில்லிகிராமிலும் சில நாடுகளில் மில்லிமோலிலும் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதும் ஒரு லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் ஒரே அளவு. இரண்டையும் தருவது வாசகருக்கு உதவும். ஆங்கில மூலத்தில் மில்லியன் என்றிருப்பதை லட்சமாகவும் கோடியாகவும் மாற்றும்போது ஒரு பூஜ்யம் நழுவுவது சர்வ சாதாரணம்.

நல்ல மூலங்கள் மோதிக்கொண்டால்

மோதிக்கொள்ளும். உயர் ரத்த அழுத்தத்துக்கு அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017இல் 130/80 என்ற எல்லையைக் கொண்டுவந்தன. ஐரோப்பிய அமைப்புகள் 2018இல் 140/90 என்ற எல்லையிலேயே நின்றன. இரண்டும் மதிப்புக்குரிய அமைப்புகள், இரண்டும் ஆய்வுகளை அலசிப் பார்த்தவை. இங்கே தீர்ப்புச் சொல்வது தொகுப்பாளரின் வேலை இல்லை. யார் என்ன எல்லை வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடும் ஆண்டோடும் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

இதைச் சாக்காக வைத்து எல்லாக் கருத்துக்கும் சம இடம் கொடுத்துவிடக் கூடாது. உலகெங்கும் உள்ள மருத்துவ அமைப்புகள் ஒரே குரலில் சொல்லும் ஒன்றுக்கு எதிராக ஒரு தனி ஆய்வாளரின் பேட்டி இருந்தால், அதைச் "சர்ச்சை" என்று தனித் தலைப்பிட்டு எழுதுவது நடுநிலை ஆகாது. மூலங்களில் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு இடம்தான் கட்டுரையிலும்.

எழுதும் முறை

மருந்தளவை எழுதாதீர்கள். "மருத்துவரை அணுகவும்", "தினமும் இருவேளை சாப்பிட வேண்டும்" போன்ற அறிவுரைகளும் வேண்டாம். கலைக்களஞ்சியம் தகவல் சொல்லும், சிகிச்சை பார்க்காது. "இந்நோயால் அவதிப்படும் துர்ப்பாக்கியசாலிகள்" என்ற பாணியை விட்டு, "இந்நோய் உள்ளவர்கள்" என்றாலே போதும். அறிகுறிகள், காரணங்கள், நோயறிதல், தடுப்பு, சிகிச்சை, முன்கணிப்பு, பரவல், வரலாறு என்ற வரிசை மருத்துவக் கட்டுரைகளில் வழக்கத்தில் இருப்பது. புதுப் பகுதி சேர்ப்பதானால் அதையொட்டிச் செருகுங்கள்.

மூலத்தின் வாக்கியங்களை நகலெடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பதிப்புரிமை உள்ள ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கினாலும் அது நகல்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூலத்தைப் படித்து, மூடி வைத்து, புரிந்ததை உங்கள் நடையில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையைத் தமிழாக்கலாம். விக்கிப்பீடியாவின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது மாற்றத்தை விளக்கி எழுதும் வரியில், குறிப்பிட வேண்டும். அப்படித் தமிழாக்கும்போது அங்கிருக்கும் மேற்கோள்களையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவராதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, வாக்கியத்தைத் தாங்குகிறதா என்று உறுதி செய்த பிறகே சேருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் பிழை தமிழுக்கு வந்துவிட்டால், அங்கே திருத்தப்பட்ட பிறகும் இங்கே பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். இங்கே கண்காணிக்கும் ஆட்கள் குறைவு.

நீங்கள் மருந்து நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ வேலை செய்து, அதற்காக எழுதினால் அதை உங்கள் பயனர் பக்கத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஊதியம் பெற்றுச் செய்யும் தொகுப்புகளுக்கு இது கட்டாயம். சொந்த ஆய்வுக் கட்டுரையைச் சேர்க்க ஆசைப்பட்டால் பேச்சுப் பக்கத்தில் முன்மொழிந்துவிட்டு வேறொருவர் முடிவெடுக்க விடுங்கள்.

சேமித்த பிறகு

தொகுப்புச் சுருக்கத்தை வெறுமையாக விடாதீர்கள். "சிறு திருத்தம்" என்று எழுதுவதும் வெறுமையாக விடுவதும் ஒன்றுதான். "நாளிதழ் மேற்கோளை நீக்கி 2013 காக்ரேன் மதிப்பாய்வின்படி திருத்தம்" என்று எழுதினால், மீளமைக்கக் கை நீட்டியவரும் ஒரு கணம் நின்று மூலத்தைப் பார்ப்பார்.

அப்படியும் மீளமைக்கப்பட்டால் மறுபடி அதையே செருகி மல்லுக்கு நிற்காதீர்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பழைய வாக்கியம், புதிய வாக்கியம், மூலம், மூலத்தில் எந்தப் பகுதி என்று நான்கையும் வைத்து, என்ன குறை என்று கேளுங்கள். பாதி நேரம் மீளமைத்தவர் சொல்வதில் நியாயம் இருக்கும். மூலம் பழசாக இருக்கலாம், நீங்கள் ஒரு சொல்லை நீட்டியிருக்கலாம். மீதி நேரம் அவர் அவசரப்பட்டிருப்பார். மூலத்தைக் காட்டினால் ஒப்புக்கொள்வார். ஒரு வாரமாகியும் பதிலே வரவில்லை என்றால் அதை அங்கேயே குறிப்பிட்டுவிட்டு மாற்றத்தைச் செய்யலாம். மூலத்தை எடைபோடுவதில் ஐயம் இருந்தால் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் இயங்கும் மருத்துவத் திட்டத்தின் பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம். இந்த வேலையில் ஊறிய மருத்துவர்களும் மருத்துவர் அல்லாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் டெங்குக் கட்டுரை 2014இல் ஓப்பன் மெடிசின் என்ற மருத்துவ இதழில் பிற வல்லுநர்களின் சரிபார்ப்புக்கு உட்பட்டு வெளியாகும் அளவுக்கு வளர்ந்தது இப்படிப் பலர் கைபட்டுத்தான்.

திருத்திய கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது அதைத் தொட்டால் உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, நீங்கள் இட்ட மேற்கோள்களின் பப்மெட் பக்கங்களைத் திறந்து, திரும்பப் பெறப்பட்ட பட்டை விழுந்திருக்கிறதா, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்டுபிடித்துக் குறியிட ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு தானியங்கி நிரல் ஓடுகிறது. மற்ற மொழிகளில் பெரும்பாலும் அந்த வேலை கண்ணும் கையும் கொண்டவர்களிடம்தான் இருக்கிறது. புதிய மதிப்பாய்வு முடிவை மாற்றியிருந்தால் வாக்கியத்தையும் மேற்கோளையும் சேர்த்தே மாற்றுங்கள். மேற்கோளை மட்டும் மாற்றி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோன்ற தோற்றம் வந்துவிடும். அடுத்து வருபவர் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.